சொல்லாமல் விட்டதற்கும் வழக்கு வரும்: அத்லெடிக் டிரெய்னரின் சட்டப் பொறுப்பு

அண்ணன் மகள் அமெரிக்காவில் அத்லெடிக் டிரெய்னிங் முதுகலை படிக்கிறாள். ஊரில் யாரிடம் சொன்னாலும் "ஓ, ஜிம் மாஸ்டரா?" என்றுதான் கேட்கிறார்கள். திருத்தித் திருத்தி அவளுக்கே சலித்துவிட்டது. சென்ற முறை பேசியபோது, "சித்தப்பா, எலும்பு, நரம்பு எல்லாம் எப்படியாவது படிச்சிடலாம். இந்தச் சட்டப் பாடம்தான் பயமுறுத்துது. ஒரு பையனுக்குத் தலைவலின்னு டாக்டர்கிட்ட சொல்லாம விட்டதுக்கே ஒரு வழக்கு இருக்கு, தெரியுமா?" என்றாள். அந்த வழக்கைத் தேடிப் படித்தேன், அப்புறம் இன்னும் சில வழக்குகளை. நான் வக்கீல் இல்லை. ஆனால் இதன் அடிப்படையைப் புரிந்துகொள்ள வக்கீலாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

முதலில் அந்தப் பெயர். 'டிரெய்னர்' என்றதும் நமக்குப் பயிற்சியாளர், அதாவது கோச், நினைவுக்கு வருகிறார். இவர் அவர் இல்லை. கிரிக்கெட்டில் பந்து பட்டு ஒருவர் சுருண்டு விழுந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும் பிஸியோவை நினைத்துக்கொள்ளுங்கள். படிப்பு வேறு, ஆனால் மைதானத்தில் பார்க்கும் வேலை கிட்டத்தட்ட அதுதான். அமெரிக்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கணுக்காலுக்கு டேப் சுற்றுவது முதல், இதயம் நின்றுபோனவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பது வரை இவர்கள் பொறுப்பு. அடிபட்டவர் மறுபடி ஆடலாமா, கூடாதா என்ற முடிவிலும் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வம்பு பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

இவர்களுடைய தேசியச் சங்கம் 1950-இல் கான்சஸ் சிட்டியில் தொடங்கியது. 1971-இல் டெக்சாஸ் முதன்முதலாக இவர்களுக்கு லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்தது. 1990-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதை மருத்துவம் சார்ந்த தொழிலாக அங்கீகரித்தது. இன்று ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் இவர்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் உண்டு. கலிஃபோர்னியா மட்டும் விதிவிலக்காக நின்றது. 2022-க்குப் பிறகு இளங்கலைப் படிப்பில் புதிய மாணவர்களைச் சேர்ப்பதையும் நிறுத்திவிட்டார்கள், முதுகலைதான் நுழைவாயில். இதில் ஒரு விலை ஒளிந்திருக்கிறது. டேப் சுற்றிவிடும் அண்ணனாக இருந்தவரை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. மருத்துவப் பணியாளர் என்ற மதிப்பு வந்ததும், மருத்துவப் பணியாளருக்கு உரிய கேள்விகளும் கூடவே வந்துவிட்டன.

நான்கு படிகள்

ஆட்டத்தில் அடிபடுவது சகஜம். அடிபட்டவர்கள் எல்லோரும் வழக்குப் போட்டு ஜெயித்துவிட முடியாது. டிரெய்னர் அலட்சியமாக இருந்தார் என்று நிரூபிக்க, வழக்குத் தொடுப்பவர் நான்கு படி ஏற வேண்டும். அந்த வீரரைக் கவனிக்கும் கடமை டிரெய்னருக்கு இருந்தது, அந்தக் கடமையில் அவர் தவறினார், அந்தத் தவறால்தான் கேடு வந்தது, அந்தக் கேடு உண்மையான இழப்பு. நான்கில் ஒன்று சறுக்கினாலும் வழக்கு விழுந்துவிடும்.

முதல் படி பெரும்பாலும் சுலபம். பள்ளியோ கல்லூரியோ சம்பளம் கொடுத்து அதற்காகத்தானே அவரை வைத்திருக்கிறது. மூன்றாவது படிதான் வழுக்கும். முட்டிச் சவ்வு கிழிந்த ஒருவரை டிரெய்னர் தப்பாகத் தூக்கினார் என்றே வைத்துக்கொள்வோம். கிழிந்தது தூக்கியதால் அல்ல, அதற்கு முன்பு மோதியதால் என்றால் தவறு இருந்தும் பொறுப்பு வராது.

இரண்டாவது படியில் நீதிமன்றம் எதை வைத்து அளக்கிறது? இதே படிப்பும் பயிற்சியும் உள்ள விவேகமான இன்னொரு டிரெய்னர், இதே சூழ்நிலையில் என்ன செய்திருப்பார் என்பதுதான் அளவுகோல். உலகின் தலைசிறந்த டிரெய்னரை யாரும் எதிர்பார்க்கவில்லை. அதே சமயம் "நல்ல எண்ணத்தோடுதான் செய்தேன்" என்பதும் செல்லாது. அளவுகோலை நீதிமன்றத்துக்குச் சொல்ல இன்னொரு டிரெய்னரோ மருத்துவரோ நிபுணர் சாட்சியாக வருவார். தேசியச் சங்கம் வெளியிடும் நிலைப்பாட்டு அறிக்கைகளையும் மேசையில் எடுத்து வைப்பார்கள். வெயிலில் சுருண்டவரை எப்படிக் குளிர்விப்பது, தலையில் அடிபட்டவரை எப்படிச் சோதிப்பது என்றெல்லாம் அந்த அறிக்கைகளில் எழுதியிருக்கும். அவை சட்டம் இல்லைதான். ஆனால் "உங்கள் சங்கமே இப்படிச் சொல்கிறதே, நீங்கள் ஏன் செய்யவில்லை?" என்று கூண்டில் நிற்பவரிடம் கேட்கும்போது பதில் சொல்வது லேசில்லை.

இன்னொரு சிக்கலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில மாநிலங்கள் இந்த வழக்குகளை 'மருத்துவ அலட்சியம்' என்ற தனி வகையில் வைக்கின்றன, சில மாநிலங்கள் சாதாரண அலட்சியமாகப் பார்க்கின்றன. எந்த வகை என்பதைப் பொறுத்து வழக்குப் போடும் கெடுவும், நிபுணர் சான்று வேண்டுமா என்பதும் மாறும்.

டென்னசி வழக்கு

அண்ணன் மகள் சொன்ன வழக்கு இதுதான். 1984 ஆகஸ்ட், டென்னசி பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் வளாகம். கால்பந்துப் பயிற்சியில், அதாவது தலைக்கவசம் போட்டு ஆடும் அமெரிக்கக் கால்பந்தில், ஒரு மாணவருக்குத் தலையில் அடி. ஓரமாக நடந்து வந்தவர் நினைவிழந்து விழுந்தார். டிரெய்னர் உடனே சோதித்தார். முகத்தில் ஒரு பக்கம் வாதம் போல் தொய்ந்திருந்தது, உடம்பின் இடப்பக்கம் கட்டுப்பாட்டில் இல்லை, கண் பாவைகள் ஒரே அளவில் இல்லை. இவ்வளவையும் அவர் கண்டுபிடித்தார். மருத்துவ அறிவில் குறை சொல்ல இடமே இல்லை.

மாணவரை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கூடப் போனது ஒரு மாணவ டிரெய்னர். அங்கே பதிவானது நினைவிழந்தார் என்ற அளவில்தான். அந்த நரம்புக் குறிகள் எதுவும் டாக்டர் காதுக்குப் போய்ச் சேரவில்லை. சி.டி. ஸ்கேன் சரியாக இருந்தது. மாணவர் சில நாளில் பயிற்சிக்குத் திரும்பினார். பிறகு தலைவலி, விடாத தலைவலி. அது டிரெய்னருக்குத் தெரியும், டாக்டருக்குப் போகவில்லை. செப்டம்பர் கடைசியில் மைதானத்திலேயே மறுபடி சரிந்தார். மூளையைச் சுற்றி வாரக்கணக்கில் தேங்கிய ரத்தக்கட்டை அறுவை சிகிச்சையில் எடுத்தார்கள். உயிர் பிழைத்தார், ஆனால் மூளை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பதினோரு வருடம் கழித்து, 1995-இல், மேல்முறையீட்டு நீதிமன்றமும் டிரெய்னரின் அலட்சியத்துக்கு மாநில அரசே பொறுப்பு என்று உறுதி செய்தது.

என்னைக் கேட்டால் இந்தத் துறையில் நுழையும் ஒருவர் படிக்க வேண்டிய முதல் வழக்கு இதுதான். மக்கள் 'மருத்துவத் தவறு' என்றால் தப்பான ஊசி, தப்பான கட்டு என்று செய்த தவறையே நினைக்கிறார்கள். இங்கே தப்பாக ஏதும் செய்யப்படவில்லை, தெரிந்ததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். டிரெய்னர் என்பவர் மைதானத்துக்கும் டாக்டருக்கும் நடுவே இருக்கிற வாசல். மாநிலச் சட்டங்களும் பெரும்பாலும் அவரை ஒரு மருத்துவரின் வழிகாட்டுதலில்தான் வேலை செய்யச் சொல்கின்றன. வாசல் மூடிக்கொண்டால் உள்ளே இருக்கும் டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை.

ஆள் இல்லாத மைதானம், பெயர் மாறிய ஆள்

சரி, டிரெய்னரே இல்லை என்றால்? 1988 செப்டம்பரில் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் கல்லூரியில், லக்ராஸ் விளையாட்டுப் பயிற்சியின்போது 20 வயது மாணவர் ஒருவர் யாரும் மோதாமலே விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. கல்லூரியில் முதலுதவி தெரிந்த இரண்டு டிரெய்னர்கள் இருந்தார்கள், ஆனால் சீசன் இல்லாத காலப் பயிற்சி என்பதால் அன்று மைதானத்தில் யாரும் இல்லை. அங்கிருந்த கோச்சுகளுக்கு நெஞ்சை அமுக்கி உயிர்ப்பிக்கும் முறையில் சான்றிதழ் இல்லை. பக்கத்துத் தொலைபேசி ஏறக்குறைய 200 கஜம் தள்ளி, ஒரு அரங்கத்துக்குள். குறுக்கே 8 அடி உயர வேலி. செல்போன் இல்லாத காலம். ஒரு மாணவர் அந்த வேலியில் ஏறிக் குதித்து ஓடினார். விழுந்தவர் பிழைக்கவில்லை.

திடகாத்திரமான பையனுக்கு இதயம் நின்றுபோகும் என்று யார் எதிர்பார்க்க முடியும் என்றது கல்லூரி. கீழ் நீதிமன்றம் அதை ஏற்று வழக்கை முடித்துவைத்தது. 1993-இல் மேல் நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. கல்லூரியே தேடிப் பிடித்துத் தன் அணிக்காக ஆட அழைத்து வந்த மாணவர் அவர். அப்படிப்பட்டவருக்கு அவசர உதவி கிடைக்க ஏற்பாடு செய்வது கல்லூரியின் கடமை என்றது. இன்று எல்லா இடத்திலும் பேசப்படும் 'அவசரச் செயல்திட்டம்' என்ற காகிதத்துக்குப் பின்னால் இப்படி ஏதாவது ஒரு வேலி இருக்கிறது.

அதே பென்சில்வேனியாவில் லக்கவானா கல்லூரி கொஞ்சம் வேறு வழியில் போனது. அங்கே டிரெய்னர் வேலைக்கு எடுத்த இருவர் சான்றிதழ்த் தேர்வில் தேறவில்லை. கல்லூரி என்ன செய்தது? அவர்களின் பதவிப் பெயரை 'முதல் உதவியாளர்' என்று மாற்றியது, வேலை மட்டும் அதேதான். 2010 மார்ச்சில், தலைக்கு நேராக மோதிப் பழகும் பயிற்சி ஒன்றில் ஒரே நாளில் இருவருக்குக் கடும் காயம். அதில் ஒருவர் முதல் மோதலிலேயே கை மரத்துப்போய் ஓரத்துக்கு வந்தவர். சோதித்த உதவியாளர் ஆடலாம் என்று அனுப்ப, அடுத்த மோதலில் தோள் நரம்புகள் பிய்ந்துவிட்டன.

மாணவர்கள் முன்கூட்டியே 'எது நடந்தாலும் கல்லூரி பொறுப்பல்ல' என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2019-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதைக் குறுக்கே வெட்டியது. தகுதியான ஆட்கள் இருப்பதாக ஒரு தோற்றத்தை உண்டாக்கிவிட்டால், அப்படி இருக்க வேண்டிய கடமையும் வந்துவிடுகிறது என்றது. கையெழுத்துப் படிவம் சாதாரணக் கவனக்குறைவுக்கு மறைப்பாக இருக்கலாம், அப்பட்டமான அலட்சியத்துக்கு அது கேடயமாகாது என்றும் சொன்னது. பெயர்ப்பலகையை மாற்றிவிட்டால் பொறுப்பும் மாறிவிடும் என்று நினைத்த நிர்வாகிகளை என்ன சொல்வது. நம் ஊரிலும் பார்க்காத தந்திரமா என்ன!

வெயிலும் கோச்சும்

அளவுகோல் தெளிவாக இருக்கும் இடத்தில் தற்காப்பு மிகக் குறைவு. வெயிலால் உடல் சூடேறிச் சுருளும் வெப்ப வாதம் அதற்கு நல்ல உதாரணம். முதலில் குளிர்வி, அப்புறம் ஆம்புலன்சில் ஏற்று என்பது இத்துறையில் பாலபாடம். ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்த்தி, அரை மணி நேரத்துக்குள் உள்ளுடல் வெப்பத்தை 102 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே கொண்டுவர வேண்டும்.

2018 மே 29 அன்று மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஜோர்டன் மெக்நேர் என்ற 19 வயது வீரர், 110 கஜ ஓட்டத்தைப் பத்து முறை ஓடும் பயிற்சியில் தளர்ந்தார். அவரைத் தொட்டியில் இறக்கவில்லை. முதல் அறிகுறி தெரிந்ததிலிருந்து ஆம்புலன்ஸ் புறப்படும் வரை 1 மணி 39 நிமிடம் ஓடிவிட்டதாகப் பின்னர் வெளியாட்கள் நடத்திய விசாரணை சொன்னது. ஜூன் 13-இல் அவர் இறந்தார். பல்கலைக்கழகத் தலைவரே சட்டப்படியும் தார்மீகப்படியும் பொறுப்பேற்பதாக அறிவித்தார். 2021-இல் குடும்பத்துக்கு 35 லட்சம் டாலர் தர ஒப்பந்தமானது. இங்கே வாதாட என்ன இருக்கிறது? சிகிச்சை தெரிந்ததுதான், மலிவானதும்கூட. ஒரு தொட்டி, கொஞ்சம் ஐஸ்.

பாடப்புத்தகத்தில் எழுத முடியாத ஓர் ஆபத்து கோச். டிரெய்னருக்கு மேலதிகாரியாகக் கோச் இருந்தால், "அவன் இல்லாமல் சனிக்கிழமை எப்படி ஆடுவது?" என்ற ஒரு கேள்வியே போதும், கை நடுங்கிவிடும். ஆனால் நீதிமன்றத்தில் "கோச் சொன்னார்" என்பது பதிலாகாது. லைசென்ஸ் வைத்திருப்பவர் டிரெய்னர்தானே. இது புரிந்துதான், பெரிய கல்லூரி அணிகளில் ஆடத் தகுதியா இல்லையா என்ற மருத்துவ முடிவைக் கோச்சுகள் மாற்றக் கூடாது என்று கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.வில் 2016-இல் விதி வந்தது.

பள்ளிகளுக்கு அதற்கு முன்பே ஒரு துணை கிடைத்தது. 2006-இல் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் தலையில் அடிபட்டும் அதே ஆட்டத்தில் மறுபடி இறக்கப்பட்டு, மூளையில் ரத்தக்கசிவால் நிரந்தர ஊனமானான். 2009-இல் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. கன்கஷன், அதாவது அடியால் மூளை அதிர்ந்த காயம், என்று சந்தேகம் வந்தாலே வெளியே எடு, இதற்கென்று பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர் எழுதிக் கொடுக்காமல் திரும்ப இறக்காதே. 2014-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் ஏதாவது ஒரு வடிவில் இது வந்துவிட்டது. டிரெய்னருக்கு இது இருபுறமும் கூரான கத்தி. கோச்சிடம் "நான் சொல்லவில்லை சார், சட்டம் சொல்கிறது" என்று கைகாட்டலாம். ஆனால் அவரே அன்று மாலை பையனை இறக்கிவிட்டால், விவேகமான டிரெய்னர் என்ன செய்திருப்பார் என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்காது, கடமை தவறினார் என்று காட்டச் சட்டத்தை மீறியதே பெரும்பாலும் போதும்.

பணம் யார் கொடுப்பது

டிரெய்னர் வேலை நேரத்தில் செய்த தவறுக்கு, அவரை வேலைக்கு வைத்தவரும் பொறுப்பு. அதனால்தான் வழக்குகளில் பள்ளி, கல்லூரி பெயர் முதலில் வரும். பணமும் அங்கேதானே இருக்கிறது. அரசு நிறுவனம் என்றால் சில மாநிலங்களில் வழக்கே போட முடியாத பாதுகாப்போ, இழப்பீட்டுக்கு உச்ச வரம்போ உண்டு. அதற்காக டிரெய்னர் நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது, அவர் பெயரையும் சேர்த்தே வழக்குப் போடலாம்.

முதலாளியின் இன்சூரன்ஸ் முதலாளி கொடுத்த வேலையை மட்டும்தான் காக்கும். சனி, ஞாயிறில் ஒரு சிறுவர் போட்டியில் கொஞ்சம் காசுக்கு நின்றால் அந்தக் குடை அங்கே வராது. ஆகவே பலர் சொந்தமாக ஒரு பாலிசி எடுக்கிறார்கள். அதில் இரண்டு வகை. ஒன்றில், பாலிசி நடப்பில் இருந்த நாளில் சம்பவம் நடந்திருந்தால் போதும், வழக்கு ஐந்து வருடம் கழித்து வந்தாலும் காக்கும். இன்னொன்றில், வழக்கு வரும் நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். இரண்டாவது வகை மலிவாகத் தெரியும். வேலையை விட்டு, பிரீமியம் கட்டுவதை நிறுத்திய பிறகு பழைய சம்பவத்துக்கு நோட்டீஸ் வந்தால்தான் வித்தியாசம் உறைக்கும்.

அணியோடு பக்கத்து மாநிலத்துக்குப் பயணம் போனால்? அங்கே லைசென்ஸ் இல்லையே என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும் பயம் நெடுநாள் இருந்தது. 2018 அக்டோபரில் வந்த மத்தியச் சட்டம் ஒன்று, சொந்த மாநில லைசென்சும் இன்சூரன்சும் பயணத்திலும் செல்லும் என்று அதைத் தீர்த்துவைத்தது. சாலையில் விபத்தைப் பார்த்து இறங்கி உதவுபவரைக் காக்கும் 'நல்ல சமாரியன்' சட்டத்தை நம்பிப் பிரயோஜனமில்லை. சம்பளத்துக்கு மைதானத்தில் நிற்பவர் வழிப்போக்கர் அல்ல.

எல்லாப் பழியும் எப்போதும் டிரெய்னர் தலையில் விழுவதும் இல்லை. யூட்டா மாநிலக் கல்லூரியில் கூடைப்பந்து வீரர் ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கு. ஐஸ் தண்ணீரில் காலை வைக்கச் சொன்னார்கள். அவர் அளவுமீறி, மணிக்கணக்கில் வைத்திருந்து, கால் குளிரில் உறைந்து, விரலை எடுக்க வேண்டியதாயிற்று. ஜூரி நூறு சதவீதமும் வீரரின் தவறு என்றது, 1983-இல் மாநில உச்ச நீதிமன்றமும் அதை அப்படியே விட்டுவிட்டது. பல மாநிலங்களில் தவறைச் சதவீதமாகப் பிரித்துப் பணத்தையும் அதே கணக்கில் குறைப்பார்கள். அலபாமா, மேரிலாந்து, வட கரோலினா, வர்ஜீனியா போன்ற சில இடங்களில், வீரர் பக்கம் துளி தவறு இருந்தாலே ஒன்றும் கிடைக்காது என்ற பழைய விதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் எனக்கு அந்த யூட்டா வழக்கில் ஒரு சந்தேகம் மிச்சம். எத்தனை நிமிடம் என்று அந்தப் பையனிடம் யாராவது ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தால்?

எழுதுவது பற்றி அண்ணன் மகளின் ஆசிரியர் தினமும் சொல்வது ஒன்றுதானாம், எழுதாதது நடக்காதது. என்ன பார்த்தோம், வீரர் என்ன சொன்னார், யாரிடம் எத்தனை மணிக்குத் தெரிவித்தோம், என்ன அறிவுரை கொடுத்தோம். அன்றைக்கே எழுத வேண்டும். வழக்கு வந்த பிறகு பழைய பக்கத்தில் ஒரு வரி சேர்ப்பது எழுதாமல் விடுவதைவிட மோசம். பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் பல மாநிலங்களில் வழக்குக்கான கெடு 18 வயது நிரம்பிய பிறகுதான் ஓடவே தொடங்கும். பதினாலு வயதில் அடிபட்டவன் கல்லூரிக்குப் போன பிறகு நோட்டீஸ் வரலாம். அன்றைக்கு டிரெய்னரின் ஞாபகத்தில் என்ன மிச்சம் இருக்கும்?

இப்போது அவள் ஒரு பள்ளியில் களப்பயிற்சிக்குப் போகிறாள். போன முதல் நாள் மைதானத்தைச் சுற்றி நடந்து அவசரத் திட்டத்தை எழுதச் சொன்னார்களாம். மின்னதிர்ச்சிப் பெட்டி எந்தச் சுவரில், ஆம்புலன்ஸ் எந்த வாசலில் வரும், யார் போன் போடுவது. கடைசி வரியாக அவளாகவே ஒன்று சேர்த்திருக்கிறாள்: வேலிக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது.